வெண்கட்டியில் எழுதிய ஓம்

அந்த வெள்ளிக்கிழமை காலை கராஜில் இருந்தவர்கள்:

அன்ஸார் நானா, கராஜின் உரிமையாளர்.
றிகாஸ், பெயின்ட் அடிப்பவர்.
பாக்கியரத்தினம் சேர், காரின் சொந்தக்காரர், உங்கள் அப்பா.
திலக்சன், தகட்டு வேலை செய்பவன், நான்.

பன்னிரண்டேகாலுக்குப் பிறகு இருந்தவர்: பாக்கியரத்தினம் சேர் மட்டும்.

இது பொலிஸ் புத்தகத்தில் உள்ள பட்டியல். கடைசி வரியில் ஒரு பெயர் குறைகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரசாந்தினி அக்கா, முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் சாமி அறையில் வைத்திருக்கும் அந்தத் தகட்டுத் துண்டை எடுத்துவிடுங்கள். உப்புவெளியில் உங்கள் வீடு கடலுக்கு இரண்டு ஒழுங்கைதான் தள்ளி. அந்தக் காற்றில் அது நிற்காது. நீங்கள் எழுத்தில் படாமல் சுற்றிவரத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கிறீர்கள் என்று சொன்னீர்கள். எண்ணெய் மேலேதான் நிற்கும். இரும்பைத் தின்னும் கறள் தகட்டுக்குள்ளே இருக்கிறது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தபோது பார்த்தேன். கீழே உள்ள பலகையில் ஏற்கெனவே மண்ணிறமாக இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மாரி போனால் பலகையையும் மாற்ற வேண்டிவரும்.

நீங்கள் அதற்கு முன்னால் விளக்கு ஏற்றியிருந்தீர்கள். பூ வைத்திருந்தீர்கள். "அப்பா கடைசியாப் பாத்த எழுத்து" என்று என்னிடம் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். அது உண்மைதான். அவர் கடைசியாகப் பார்த்த எழுத்து அதுதான். ஆனால் அது சாமி எழுத்து இல்லை.

விளங்கும்படி சொல்வதற்குக் காரிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் அப்பா அந்தக் காரை வைத்திருந்த விதம் உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் செய்தது, ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் வயது, இரண்டு பேர் இருக்க இரண்டே கதிரை, கூரை இல்லை. கூரை உள்ள காரில் பாரத்தைத் தாங்க மேலே ஒரு கூடு இருக்கும். கூரை இல்லாத காரில் எல்லாப் பாரமும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரண்டு இரும்புப் பெட்டிகளில் நிற்கிறது. அந்தப் பெட்டிகள் மூன்று தகடு சேர்த்துச் செய்தவை. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுதான் தெரியும். உள்ளே போன தண்ணீர் வடிவதற்கு அடியில் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். அக்கறையான ஒருவர் வந்து அடி முழுக்கத் தார் பூசுவார். துளைகள் அடைபடும். தண்ணீர் உள்ளே தங்கும். அந்தக் காரைக் கொல்வது பெரும்பாலும் இந்த அக்கறைதான்.

கறள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்காது. மேலே ஒரு சின்னக் கொப்பளம் தெரிகிறது என்றால் உள்ளே ஒரு சாண் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணால் தேடிப் பயனில்லை. துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்க அப்பிய புட்டிதான் இருக்கிறது. காரைத் தூக்கிவைத்துக் கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். கீழே நன்றாகச் சாத்திய கதவு மேலே தூக்கியதும் இறுகினால் அந்தப் பக்கத்துப் பெட்டி வளைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்ட வேண்டும். சின்னச் சுத்தியலால், விரல் அகலத்துக்கு விரல் அகலம். நல்ல தகடு ணங் என்னும். போன தகடு பொத் என்னும். இடையில் இன்னொரு சத்தம் இருக்கிறது, ணங் என்று தொடங்கிப் பாதியில் விழுந்துவிடும். அதைக் கேட்க எல்லாராலும் ஏலாது. என்னால் ஏலும்.

தட்டிய இடத்தில், கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியால் எழுதுவேன். நல்லதென்றால் ஓம். வெட்டி மாற்ற வேண்டியதென்றால் ஏலா. வேறொன்றும் எழுதுவதில்லை.

இந்தக் கராஜுக்கு வந்த முதல் வாரம் ஒரு வானின் அடியில் ஏழெட்டு ஓம் எழுதியிருந்தேன். அன்ஸார் நானா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, என்ட கராஜக் கோயிலாக்கிப் போட்டீங்களா? இனிக் கற்பூரமும் வாங்கோணுமா?"

"அது சாமி ஓம் இல்ல நானா. ஓம் எண்டா ஓம். நல்லது எண்டு."

"அப்ப ஏலா எண்டா?"

"ஏலாது எண்டு."

"அல்லாவே. இந்த வான்கார ஐயர் இதப் பாத்தாக் காசு குடுக்காமத் தட்சணை கேப்பாரு."

றிகாஸ் அன்று முழுக்க என்னைப் பூசாரி என்று கூப்பிட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அவர்கள் பழகிவிட்டார்கள். ஆனால் அந்த எழுத்தை நான் கராஜில் தொடங்கவில்லை.

துறைமுகக் கரையில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் பெயரை எழுதவில்லை. உங்கள் அப்பா அங்கே தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி. நான் இரவு முறையில் பராமரிப்பு ஆள். கப்பல் நிற்கும் மேடை வரை சாமானை ஏற்றிக்கொண்டு ஓடும் ரப்பர் பட்டியின் ஓரமாக ஒரு நடைபாலம் உண்டு. கடலுக்கு மேலே, ஒரு பனை உயரத்தில். இருபத்திரண்டு இரும்புத் தட்டுகள். ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டுகளையும் அவற்றைத் தாங்கும் கால்களையும் தட்டிப் பார்த்து ஓகே என்று எழுத வேண்டும். மற்றவர்கள் ஓகே என்றோ சரி அடையாளமோ போட்டார்கள். நான் மட்டும் ஓம் எழுதினேன். இரண்டு எழுத்து, கை வலிக்காது. அதனால் எந்தத் தட்டை யார் பார்த்தார் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. உங்கள் அப்பா கொண்டுவந்தது. இயந்திர இரைச்சலில் கூப்பிட்டால் கேளாது. அதனால் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் இரும்பில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். மூன்று தட்டென்றால் ஆள் உள்ளே இருக்கிறது, எல்லாவற்றையும் நிறுத்து. கேட்டவன் திரும்பி மூன்று தட்ட வேண்டும், கேட்டுவிட்டது என்று.

அகீல் கிண்ணியாவிலிருந்து வந்தவர். என்னைவிட நாலு வயது மூப்பு, அதனால் அவரும் எனக்கு நானா. என்னோடு ஒரே முறையில் வேலை. நடைபாலத்தில் ஏறும்போது என் எழுத்தைப் பார்த்து ஒவ்வொரு நாளும் ஒரே பகிடி விடுவார்.

"பூசாரி, உங்கட ஓம் என்னையும் தாங்குமா? இல்லாட்டிக் கலிமாச் சொல்லிட்டு ஏறட்டா?"

"நடவுங்க நானா, தாங்கும்."

கடைசி நாளும் அதையேதான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். விடியற்காலை ஆறுக்குப் பத்து இருந்தது, முறை மாறும் நேரம். பதினான்காவது தட்டு அவரோடு கீழே போனது.

அந்தத் தட்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மேலே பெயின்ட் புதிது. கொழும்பிலிருந்து யாராவது பார்க்க வருவதற்கு முன் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். அடித்தவர்களில் குற்றம் இருக்கிறது. அடிக்கச் சொன்னவர்களில் குற்றம் இருக்கிறது. இதை நான் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன், சரியாகச் சொன்னால் எனக்குள் சொல்லிவருகிறேன்.

விசாரணைக்கு மூன்று பேர் வெளியிலிருந்து வந்தார்கள். உடைந்த தட்டை மேலே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் வெண்கட்டியால் ஓம் என்று இருந்தது. உப்புத் தண்ணீரில் விழுந்தும் பாதி எழுத்து நின்றது. பெரியவர் அதைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னார், "அது மத அடையாளம். எங்கட பெடியள் காவலுக்கு எண்டு எழுதுறவங்கள்."

அவர் மூன்று மொழியிலும் அதைச் சொன்னார். பெரியவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். சாமி எழுத்தை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். அன்றைய பரிசோதனைத் தாளை நான் இன்னும் நிரப்பியிருக்கவில்லை. நிரப்பும்படி அவர் என்னைக் கேட்கவும் இல்லை. ஆகவே அந்தப் பகுதி அன்று பரிசோதிக்கப்படவில்லை என்று ஆனது. பரிசோதிக்காத பகுதியில் அனுமதியில்லாமல் ஏறியவர் தன் கவனக்குறைவால் விழுந்தார் என்று அறிக்கை எழுதினார்கள். அகீலின் மனைவி ஜெமீலாவிடம் அந்தத் தாளை உங்கள் அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரோடு நான் போகவில்லை.

வெளியே வந்ததும் உங்கள் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"தட்டிப் பாத்தனீரோ?"

"ஓம் சேர்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் காருக்குப் போனார்.

அடுத்த வாரம் நான் வேலையை விட்டேன். இரவில் விழித்துப் பழகியவனுக்கு வேலை போனாலும் விழிப்புப் போகாது. லிங்கநகரில் என் அறையில் படுத்துக்கொண்டு கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பேன். பேருந்தில் ஏறினால் அடித்தகட்டைக் காலால் தட்டுவேன். தேத்தண்ணிக் கடையில் கண்ணாடிக் குவளையை நகத்தால் தட்டுவேன். நோய் என்று சொல்ல மாட்டேன். தொழில். அந்தத் தொழிலுக்காகத்தான் அன்ஸார் நானா என்னை எடுத்தார்.

இந்த வருடம் உங்கள் அப்பா காரைக் கொண்டுவந்தார். கராஜைத் தேடி வரவில்லை, என்னைத் தேடி வந்தார். கொழும்பில் யாரோ புட்டி அப்பி விற்ற கார். "எங்கெங்க போயிருக்கெண்டு நீர்தான் சொல்லோணும்" என்றார். இரண்டு மாதம் அதில் வேலை செய்தேன். நல்ல வேலை, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. இடப்பக்கப் பெட்டி முழுக்க வெட்டிப் புதிதாக வைத்தேன். கால் வைக்கும் அடித்தகடு இரண்டும் புதிது. அடைபட்ட துளைகளைத் திறந்தேன். உங்கள் அப்பா கிழமைக்கு மூன்று நாள் வந்து ஸ்டூலில் இருப்பார். கதை கொடுப்பார். கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, அதில் உவர் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று நான் சொன்னதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஈரம் உள்ளபோது படங்குத் துணியால் மூடக் கூடாது. புல்லில் நிறுத்தக் கூடாது. மாரிக்கு முன் மெழுகும் எண்ணெயும் சூடாகக் கலந்து பெட்டிகளுக்குள் பீச்ச வேண்டும். எல்லாவற்றையும் எழுதினார். அந்தக் கொப்பி உங்களிடம் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அவர் ஸ்டூலை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"திலக்சன், ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் ஓடுமோ?"

"ஓடும் சேர். பின்னுக்கு வலப்பக்கம் ஒரு இடம் பாக்கக் கிடக்கு. எங்க போறியள்?"

"கிண்ணியாவுக்கு. நீரும் வாறீர்."

"நான் ஏன் சேர்?"

"ஜெமீலாவிட்டச் சொல்லோணும், அது சாமி எழுத்து இல்லையெண்டு. அந்தப் பிள்ளை தன்ர மனுசன் கவனமில்லாமல் செத்ததெண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. மகனுக்கும் அப்பிடித்தான் சொல்லி வளக்குது, வாப்பா மாதிரி அவசரப்படாத எண்டு. போன மாதம் சந்தையில என்ர காதால கேட்டனான்."

"மூண்டு வருசம் முடிஞ்சுது சேர்."

"புட்டிக்குக் கீழ மூண்டு வருசம் என்ன செய்யுமெண்டு உமக்குத் தெரியாதோ?"

நான் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தேன்.

"சொன்னா என்னைப் பிடிப்பாங்கள்."

"முதல் என்னைத்தான் பிடிப்பாங்கள். பொய் சொன்னது நான். நீர் ஒண்டும் சொல்லேல்லையே." பிறகு சிரித்தார். "பயப்படாதேயும். ரெண்டு பேருக்கும் ஒரே அறை கேப்பம். நீர் குறட்டை விடுவீரோ?"

இந்தப் பகிடியை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர் பொய் சொன்ன மனிதர். எனக்காகச் சொன்னார் என்று சொல்வார்கள். நான் கேட்கவில்லை. மேலே பெயின்ட் அடிப்பவர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு செத்த மனிதனின் பெயரில் அவர் புட்டி அப்பினார். அப்படிப்பட்டவருக்குத் தண்டனை வேண்டாமா என்று நீங்கள் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் அதைச் சொன்னார். புதன்கிழமை நான் அந்த எழுத்தை எழுதினேன். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். பின் வலச் சில்லுக்கு முன்னால், பெட்டி முடியும் இடத்தில், பழைய தார் தடிப்பாக இருந்தது. புதன்கிழமை காலை அதைத் தட்டினேன். பொத். காந்தம் வைத்தேன். வழுக்கி விழுந்தது. திருப்புளியை மெல்ல அழுத்தினேன், நுனி ஊறிய பாண் துண்டுக்குள் போவதுபோல் போனது. வெளியே எடுத்தேன். துளையைத் தாரால் நீவினேன். ஏலா என்று எழுத வெண்கட்டியை எடுத்தேன். ஓம் என்று எழுதினேன்.

நான் எதையும் வெட்டவில்லை, எதையும் கழற்றவில்லை. அந்தக் கறள் நான் பிறப்பதற்கு முன்னிருந்தே அங்கே இருந்தது. நான் செய்தது ஒரு சொல் எழுதியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் அப்பா வந்தார். மெழுகு பீச்சும் வேலையைத் தானே செய்வேன் என்று முன்பே சொல்லியிருந்தார். பழைய நீலச் சேர்ட் போட்டிருந்தார், பொக்கற்றில் கண்ணாடி. மெழுகு சூடாகும்வரை றிகாஸோடு கதைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டேகாலுக்கு அன்ஸார் நானா கை கால் கழுவித் தொழுகைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சேர், ஜும்ஆக்குப் போட்டு வாறம். வரக்குள்ள பிரியாணி கொண்டு வரட்டா?"

"வெள்ளிக்கிழமை நான் மரக்கறி, அன்ஸார்."

"பிரச்சினை இல்ல. சோத்த நீங்க தின்னுங்க, இறைச்சிய நான் பாத்துக்கிறன்."

அன்ஸார் நானாவும் றிகாஸும் சிரித்துக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமைகளில், உள்ளே யாராவது வேலையாக இருந்தாலும், கராஜ் அந்த நேரம் வெளியே பூட்டப்படும். நான்தான் பூட்டுவேன், பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவேன், ஒன்றரைக்கு எல்லாரும் ஒன்றாக வருவோம். சந்தியில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

காரின் பின்பக்கத்தை ஜக்கால் தூக்கினேன். கீழே வைக்கும் இரும்புக் கால்கள் இரண்டையும் எடுத்தேன்.

"விடும், நான் வைக்கிறன்" என்றார். "கீழ போறவன்தான் கால் வைக்கோணும். அதுதான் சட்டம்."

அவர் போட்ட சட்டம். இடப்பக்கம் குனிந்து என் எழுத்தைத் தேடினார், அதற்கு நேர் கீழே ஒரு காலை வைத்தார். வலப்பக்கம் வந்தார். என் எழுத்தைக் கண்டார். என் சின்னச் சுத்தியல் நிலத்தில் கிடந்தது. அதை எடுத்தார்.

"தட்டிப் பாக்கவோ?"

"பாருங்கோ சேர்" என்றேன்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அவர் சுத்தியலை உயர்த்தினார். தகட்டுக்கும் அதற்கும் இடையில் நாலு விரல் இருந்திருக்கும். ஒரு தட்டுப் போதும். பாதுகாப்பு அதிகாரியாக முப்பது வருடம் இருந்தவர், பொத் என்ற சத்தம் அவருக்குத் தெரியாதது இல்லை. நான் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் தட்டியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று சில நாட்களில் நினைக்கிறேன்.

அவர் கையை இறக்கினார்.

"வேண்டாம். உம்மட ஓம். நானே உம்மை நம்பாட்டி வேற ஆர் நம்புறது?"

இரும்புக் காலை அந்த எழுத்துக்கு நேர் கீழே வைத்தார். ஜக்கை இறக்கினேன். கார் இரண்டு காலிலும் நின்றது. ஜக்கை இழுத்துச் சுவரோரம் வைத்தேன். அவர் கார்ட்போட் மட்டையை விரித்து, சுத்தியலையும் கையில் கொண்டு, கீழே போனார். மெழுகு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று தட்டிப் பார்ப்பதற்கு.

பொலிசாரிடம் நான் சொன்னது: பன்னிரண்டேகாலுக்கு அவர் கீழே வேலை செய்துகொண்டிருந்தார். வழக்கம்போல் வெளியே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒன்றரைக்கு அன்ஸார் நானாவோடு வந்து திறந்தபோது கார் விழுந்திருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரரும் நான் வந்ததைச் சொன்னார். சோறும் சூரைக் குழம்பும் சாப்பிட்டேன். மீதி வைக்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தேன் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சார்ஜன்ட் டோர்ச் அடித்துப் பார்த்தார். கால், தாரைப் பொத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறியிருந்தது. கிழிந்து தொங்கிய துண்டில் வெள்ளையாக எழுத்து. அது என்ன என்று கேட்டார். நான் அன்ஸார் நானாவைப் பார்த்தேன். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். நான் அன்று வானுக்குக் கீழே அவருக்கு விளங்கப்படுத்தியவன். அவருடைய கண் கலங்கியிருந்தது, என் முகத்தைப் பார்த்தார், பிழை விட்ட வேலைக்காரனைக் காப்பாற்ற நினைத்தார் போலும். பிழை என்றுதான் அவர் இன்றும் நினைக்கிறார்.

"அது தமிழாக்கள் எழுதுற சாமி எழுத்து, சேர்" என்றார். "காவலுக்கு."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவையாக அந்தச் சொல் என்னை வெளியே விட்டது. திடீர் மரண விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள். பிறகு நீங்கள் கராஜுக்கு வந்து அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். கண்ணில் ஒற்றினீர்கள். நான் அதைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தேன்.

பதினான்காவது தட்டை நான் தட்டிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டில் ஒன்றையும் பார்க்கவில்லை. அன்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஏறிவிட்டேன். திரும்பி இறங்கப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. வெண்கட்டி பொக்கற்றில் இருந்தது. நடந்துகொண்டே எழுதினேன்.

உங்கள் அப்பாவுக்கு அது தெரியும். ஓம் சேர் என்று நான் சொன்னபோது என் முகத்தில் அவர் பார்த்தது அதுதான். உலகத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர். செவ்வாய்க்கிழமை அவர் சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் தொடர்பு இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். வெட்டவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

இதைப் பொலிசில் கொடுப்பதென்றால் கொடுங்கள். கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் ஜெமீலாவிடம் வாசிப்பதென்றால் வாசியுங்கள். தகட்டை மட்டும் விளக்குக்கு முன்னால் வைக்காதீர்கள்.

இனிப் பட்டியலின் கடைசி வரி. பன்னிரண்டேகாலுக்குப் பிறகு இருந்தவர்கள்: பாக்கியரத்தினம் சேர், நான்.

உடனே முடிந்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்று எல்லாரும் உங்களுக்குச் சொன்னார்கள். நானும் சொன்னேன், நீங்கள் எனக்குச் சோறு போட்டபோது. பன்னிரண்டு நாற்பதுக்கு அவர் கீழிருந்து மெழுகு பீச்சும் குழாயைப் பெட்டிக்குள் தள்ளினார். கார் ஒரு பக்கம் சரிந்து, மெதுவாகத்தான், உட்கார்ந்தது. தூசி எழும்பி அடங்கியது. அவருடைய சத்தம் வரவில்லை; நெஞ்சில் பாரம் இருந்தால் சத்தம் வராது. பிறகு தட்டுக் கேட்டது. சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

ஜக் சுவரோரம் நின்றது, எனக்கு நாலு எட்டு. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவர் தட்டியது நான் புதிதாகப் போட்ட அடித்தகடு. ணங் என்றது. எந்த இடத்திலும் விழவில்லை. நல்ல வேலை என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. நான் நிற்பது அவருக்குத் தெரியும், என் செருப்பு அவருக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. திரும்பி மூன்று தட்ட வேண்டும், கேட்டுவிட்டது என்று. என் கையில் தட்ட ஒன்றும் இருக்கவில்லை, கதவுக்குப் போடும் ஆமைப்பூட்டைத் தவிர.

தட்டவில்லை. வெளியே வந்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டைக் கொழுவி அமத்தினேன். பூட்டியபின் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் உங்கள் அப்பா போட்ட சட்டம். இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பூட்டியிருந்தது.